முதல் ஹோல்டின் பித்தளை மூடி

காக்கிநாடா வெளிக்கடல்
டிசம்பர் 3

மாப்ள ஸ்டானிஸ்லாஸுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதல் வரியில் அதை எழுது, மற்றதெல்லாம் அப்புறம் என்று பாதர் ஜெரின் சொன்னார். நாகர்கோவில்காரர், இங்கே கடலோடிகள் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறார். சாமான் படகில் வந்து பேப்பரும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் போன்களை எல்லாம் விசாரணைக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் இழுவைப் படகு டக்கையும் நகரக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாதர் தன் போனில் இரண்டு நிமிடம் மெர்லினிடம் பேச விட்டார். அந்த இரண்டு நிமிடமும் அவள் அழுதாள், நான் அழாதே என்று சொன்னேன். அதோடு நேரம் முடிந்தது.

கமலினி முழுகிவிட்டாள். நீயும் உன் கலாசி ஆட்களும் எண்ணூரில் பத்து நாள் தட்டி, அடைத்து, இழுவைக்குத் தயார் செய்து அனுப்பிய அதே கமலினி. வங்காளதேசத்துக்கு உடைபடப் போனவள் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆளில்லாத கப்பல் என்பதால் யாரும் சாகவில்லை. டக்கில் நாங்கள் ஏழு பேரும் பிழைத்தோம்.

நவம்பர் 29. காற்று முந்தின நாளே ஏறிவிட்டது. கேப்டன் வாந்தியெடுத்துக் கீழே கிடந்தார், வீல் என் கையில். அறுநூறு மீட்டர் பின்னால் வயரில் கமலினி வந்துகொண்டிருந்தாள். விடிந்ததும் திரும்பிப் பார்த்தால் அவள் முகம் தணிந்திருந்தது. எட்டு மணிக்கு முன்பக்கம் அலைக்குள் போய்ப் போய் வந்தது. ஒன்பது மணிக்கு வயர் எங்கள் டக்கின் பின்பக்கத்தையே கீழே இழுக்க ஆரம்பித்தது. இடுப்பளவு தண்ணீர். சமையல்கார உச்சிமாகாளி அண்ணாச்சி அடுப்படி வாசலில் நின்று, "ஏல சாவியோ, தண்ணி உள்ள வருதுல, எதையாவது செய்யுதியா இல்லையா?" என்று கத்தினார். ஒன்பது முப்பத்தைந்துக்கு எமர்ஜென்சி பட்டனை அழுத்தி வயரை விட்டேன்.

டக் துள்ளி எழுந்தது. ஆனால் கமலினி உடனே முழுகவில்லை. நாற்பது நிமிடம் மிதந்தாள். அந்த நாற்பது நிமிடம்தான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. மிதக்கிற கப்பலைக் கேப்டனுக்கு அடுத்த மேட், அதாவது நான், பயந்துபோய்க் கைவிட்டேன், அதனால்தான் முழுகியது என்று கம்பெனி சொல்கிறது. கேப்டனும் ஆமாம் போடுகிறார்.

நீ அவளை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவன். ஒன்றே ஒன்று சொல். முதல் ஹோல்டு, அந்த முன்பக்கச் சரக்கு அறை, காலியாக, காய்ந்து கிடந்தது. அதற்குள் தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்கும்?

மெர்லினிடம் பழி விஷயத்தைச் சொல்லாதே. எட்டு வருஷம் காத்திருந்து அவள் வயிற்றில் வந்திருக்கிற எங்கள் பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். நான் வந்துவிடுவேன் என்று மட்டும் சொல். பிலோமியிடம் அண்ணன் கேட்டதாகச் சொல். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்துகிற ஞானத்தகப்பன் நீதான் என்று பேசி முடித்தது நினைவிருக்கட்டும், புதுச் சட்டை தைக்கக் கொடு.

சாவியோ

•

ராயபுரம்
டிசம்பர் 8

என் உயிர் மச்சானுக்கு,

உன் கடிதத்தை உன் தங்கச்சி மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் உயிரோடு இருக்கிறேன் என்ற வரியில் வந்ததும் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் நான் பதில் எழுத உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "பேச சொல்லோ வாய தொறந்தா கூவம், எய்தினா மட்டும் ஜெபப் புக்கு மாதிரி எய்துற, இன்னா மேன் நீ?" என்கிறாள். நான் என்ன செய்ய? பேனாவைப் பிடித்தால் நமக்கு அருளப்பன் வாத்தியார் பிரம்பு ஞாபகம் வந்துவிடுகிறது.

இங்கே மழை வெளுத்து வாங்கிவிட்டது. உன் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், கலீஜ் தண்ணீர். மெர்லினைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து எங்கள் மாடியில் வைத்திருக்கிறோம். ராணி மாதிரி இருக்கிறாள். திடீரென்று சுறாப்புட்டு வேண்டும் என்றாள். புயலில் யார் கடலுக்குப் போவது? காசிமேடு முழுக்கச் சுற்றி, ஐஸ் பெட்டியில் கிடந்த ஒரு சுறாவைக் கெஞ்சி வாங்கி வந்தேன். பிலோமி பூண்டை அள்ளிப்போட்டுச் செய்தாள். மெர்லின் ஒரு வாய் தின்றுவிட்டு, போதும் அண்ணே, வாசனை பிடிக்கலை என்றாள். மீதியை நானே தின்று இரண்டு நாள் வயிறு பேஜார். உன் பிள்ளை இப்போதே என்னை ஆட்டிப் படைக்கிறது. சுறாப்புட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஆவியில் வேகவைக்கும்போது மஞ்சளைக் கூடப் போட்டால் வாசனை போகும் என்று எதிர்வீட்டு இசக்கியம்மாள் சொல்கிறார்கள். அடுத்த தடவை பார்க்கலாம்.

ஞானஸ்நானத்துக்கு என் பரிசு தயார். திருவொற்றியூரில் தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். பித்தளையில் மெழுகுவர்த்தி ஸ்டாண்டு. உள்ளங்கையில் அடங்கும், ஆனால் நல்ல கனம். அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், தகதகவென்று இருக்கிறது.

கமலினியைப் பற்றிக் கேட்டிருந்தாய். கிழவி, மச்சான். முப்பத்து நாலு வயது. தகடெல்லாம் அப்பளம். எங்கேயோ உடைந்திருக்கும். அதையே நினைத்துக்கொண்டு மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. ஏழு பேரும் பிழைத்தீர்களே, மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

உன் தோஸ்து
ஸ்டானி

•

காக்கிநாடா வெளிக்கடல்
டிசம்பர் 12

மாப்ள,

ஒரு முழுப் பக்கம் சுறாப்புட்டு. நான் கேட்ட ஒரே கேள்விக்கு அப்பளம் என்று ஒரு வார்த்தை. நீ அப்படிப் பதில் சொல்கிறவன் இல்லையே. ஒரு ஆணி துருப்பிடித்திருந்தால்கூட அரைமணி நேரம் கதை சொல்வாயே. மழையில் அலைந்த களைப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்றுக் கம்பெனி ஆள் வந்தான். நல்ல மரியாதை. தட்டச்சடித்த ஒரு காகிதம் கொண்டுவந்தான். கப்பல் நல்ல நிலையில் மிதந்துகொண்டிருந்தது, நான் பதற்றத்தில் அவசரப்பட்டு வயரை விட்டேன், தவறு என்னுடையது. கீழே என் பெயர். 18-ம் தேதி திரும்ப வருவான். கையெழுத்துப் போட்டால் மறுநாளே எனக்கு ரயில் டிக்கெட். மெர்லினுக்கு வலி எடுக்கும்போது நான் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் என்னை எந்தக் கப்பலும் சேர்க்காது. போடாவிட்டால் விசாரணை முடியும்வரை இங்கேயே கிடக்க வேண்டும். பொங்கல் தாண்டும் என்கிறான்.

போட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. மெர்லினுக்காக மட்டும் இல்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். ஒருவேளை அவர்கள் சொல்வது நிஜமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாற்பது நிமிடம் மிதந்தாளே. இன்னும் பத்து நிமிடம் பிடித்திருந்தால்? காற்று குறைந்திருந்தால்? உச்சிமாகாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஏல, நீ விடலன்னா இப்ப மீனுக்கு நான் கொழம்பு வைக்க மாட்டேன், மீனு என்னைய வச்சுக் கொழம்பு வச்சிருக்கும்" என்றார். அவர் என் மேல் இருக்கிற பிரியத்தில் பேசுகிறார், அவருக்குக் கப்பல் தெரியாது.

உனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து என்னையும் தெரியும், கமலினியையும் தெரியும். அவள் உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமல்தான் எண்ணூரை விட்டுக் கிளம்பினாள் என்றால், அவளைக் கொன்றது நான்தான். அப்படியானால் கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நேராகச் சொல். நான் பயந்தாங்கொள்ளியா?

சாவியோ

•

ராயபுரம்
டிசம்பர் 14

மச்சான்,

கையெழுத்துப் போடாதே.

இதைத் தபாலில் போட்டால் 18-க்குள் வருமோ வராதோ. ரயில்வே கார்டு சாலமோன் நாளைக்குக் காக்கிநாடா வண்டியில் வருகிறான். அவன் கையிலேயே கொடுக்கிறேன். பாதரிடம் சேர்த்துவிடுவான்.

நீ பயந்தாங்கொள்ளி இல்லை. பயந்தாங்கொள்ளி இங்கே ராயபுரத்தில் உட்கார்ந்து சுறாப்புட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான்.

டெக்கில் ஒவ்வொரு ஹோல்டுக்கும் இடமும் வலமுமாக மணிக்கட்டு கனத்தில் இரண்டு குழாய்கள் அடிவரைக்கும் இறங்கும், உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று அளந்து பார்க்க. ஒவ்வொன்றின் தலையிலும் மரை போட்ட பித்தளை மூடி. உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எழுதத் தொடங்கிவிட்டேன், ஒழுங்காக எழுதிவிடுகிறேன். உடைக்கப் போகிற கப்பல் என்றால், சர்வேயர் பார்த்துவிட்டு இறங்கியதும் அந்த மூடிகளை நாங்கள் எடுத்துக்கொள்வோம். குழாய்க்கு மரக்கட்டை அடித்து, மேலே சிவப்புப் பெயிண்ட் பூசிவிடுவோம். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எங்கள் நைனா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். நான் பயந்துகொண்டு கேட்டதற்கு, "பொணத்தப் பொட்டில வெக்க சொல்லோ கம்மல கயட்டிக்கிறோம் இல்ல? அத்து மாதிரி தாண்டா" என்றார். அதை நம்பித்தான் இருபது வருஷமாகக் கழற்றுகிறேன். ஒரு கப்பலும் முழுகியதில்லை.

கட்டைக்கும் ஒரு முறை இருக்கிறது. வேலமரம், க்ரீஸில் ஊறிய கான்வாஸ், சம்மட்டி, மேலே சிமெண்ட். கமலினிக்குப் பதினொரு கட்டை அப்படித்தான் அடித்தேன். நவம்பர் 23, சாயந்திரம் நாலு மணி. முதல் ஹோல்டின் இடது பக்கக் குழாய் மட்டும் பாக்கி. வேலமரம் தீர்ந்துவிட்டது. உன் போன் வந்தது. "எங்க கீற? மெர்லினுக்கு வளையல் போட எல்லாரும் வந்துகினு கீறாங்க, நீ இல்லாம எப்டிடா?" என்றாய். உன் பிள்ளையின் வளைகாப்புக்கு நான் எண்ணெய்க் கையோடு எண்ணூரில் நிற்பதா? பேக்கிங் பெட்டிப் பலகை ஒன்று கிடந்தது, லேசான மரம். சீவினேன், அடித்தேன், சிவப்பு பூசினேன். காலையில் வந்து எடுத்துவிட்டு நல்ல கட்டையாக மாற்றலாம் என்று ஓடி வந்துவிட்டேன்.

காலையில் போனால் நீங்கள் விடியும் முன்பே கிளம்பிவிட்டீர்கள்.

அப்போதும் நேரம் இருந்தது, மச்சான். ஒரு போன் போட்டிருந்தால் போதும். மச்சான், நில், ஒரு கட்டை கச்சா கீது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மூடி எங்கே என்று கேட்பார்கள். போனை எடுத்தேன், உன் பெயர் வரை போனேன், சட்டைப் பையில் திரும்ப வைத்துவிட்டேன். ஐந்து நாள் கழித்து நீ டக்கில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறாய்.

அந்த மூடிதான் மெழுகுவர்த்தி ஸ்டாண்டு. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் அச்சு இன்னும் இருக்கிறது: ஹோல்டு 1, இடது. உன் போன கடிதத்தைப் படித்ததும் பிலோமி அலமாரியைத் திறந்து அதை எடுத்துக் கவிழ்த்தாள். கலாசி பெண்டாட்டி, அவளுக்குத் தெரியாதா? "எங்கண்ணன அனுப்பிச்சிட்டு இத்த கடைஞ்சிக்கினு இருந்தியா?" என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால் தேவலை. அப்புறம் என் தட்டில் சோறு போட்டுவிட்டு எழுந்து மெர்லினிடம் போய்விட்டாள்.

நாளை மறுநாள் மூடியை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் விசாரணை ஆபீசுக்குப் போகிறேன். நீ அதுவரை பேனாவைத் தொடாதே.

ஸ்டானி

•

காக்கிநாடா வெளிக்கடல்
டிசம்பர் 16

டேய் ஸ்டானி,

மாப்ள என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

ஏழு பேர்டா. உச்சிமாகாளி அண்ணாச்சிக்கு நாலு பெண் பிள்ளைகள். தண்ணீர் அவர் அடுப்பை அணைத்தபோது அந்த மனுஷன் பெயர் பெயராகச் சொல்லி அழைத்ததை நான் கேட்டேன். நீ என் எதிரில் இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். போனில் என் பெயர் வரை வந்தாயாம். என் பெயரை அழுத்த உனக்கு என்னடா பயம்?

இதை எழுதிவிட்டு டெக்கில் அரைமணி நேரம் நடந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

நீ ஒன்றை விட்டுவிட்டாய். தெரிந்து விட்டாயா, மறந்தாயா, தெரியவில்லை. அன்றைக்கு வளைகாப்புச் சாப்பாட்டில், நீ கை கழுவிக்கொண்டிருந்தாய். டக்கின் மேட் என்ற முறையில் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். "எல்லாம் முட்ச்சிட்டியாடா?" என்றேன். "முட்ச்சாச்சி மச்சான், நீ பாயசத்தக் குடி" என்றாய். பாயச டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு, இலைக்குப் பக்கத்திலேயே செக்லிஸ்டை வைத்துப் பதினெட்டு இடத்தில் டிக் அடித்தேன். எல்லா மூடிகளையும் நேரில் பார்த்தேன் என்று அதில் ஒரு வரி. கீழே என் கையெழுத்து. அந்தத் தாளில் நெய்க்கறை கூட இருக்கும். கமலினியின் டெக்கில் நான் கால் வைக்கவே இல்லை. ஸ்டானி செய்த வேலையை நான் போய்ச் சோதிப்பதா, அது உனக்கு அவமானம் இல்லையா என்று நினைத்தேன். உன்னிடம் கேட்டதைக் கப்பலிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே கேள். ஆபீசுக்குப் போகாதே. நீ போனால் உன் லைசென்ஸ் போகும், உன் கேங்கில் பத்துக் குடும்பம் தெருவுக்கு வரும், போலீஸ் கேஸ் ஆனாலும் ஆகும். என் தங்கச்சி புருஷனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு நான் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருக்க முடியாது. 18-ம் தேதி நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். என் வேலை ஒன்றோடு போகட்டும். நான் அவசரப்படவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அது போதும். இந்த மூன்று வாரத்தில் இன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன். அதற்காக உன்னைத் திட்டுவதா, கும்பிடுவதா தெரியவில்லை.

அந்த மூடியை அடுப்பில் போட்டு உருக்கிவிடு. பிலோமியிடம் அண்ணன் சொன்னான் என்று சொல், சாப்பிடும்போது உன் பக்கத்தில் உட்காரச் சொல்.

சாவியோ

•

ராயபுரம்
டிசம்பர் 19

மச்சான்,

நீ போகாதே என்று எழுதிய அன்றைக்கே நான் போய்விட்டு வந்துவிட்டேன். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. சாலமோன் கொடுத்துவிட்டு, "இன்னாப்பா ரெண்டு பேரும் லவ் லெட்டர் எய்திக்கினு கீறீங்களா?" என்று கேட்டான். சிரித்தேன். அப்புறம் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். ஐம்பதை நெருங்குகிற ஆம்பிளை, துணி காயப்போடுகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

பிலோமியும் என்னோடு வந்தாள். வரட்டுமா என்று கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் பாரிமுனையில் இறங்கும்போது, "சட்டைல பட்டன் ஒயுங்கா போடு" என்றாள். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

ஆபீசில் தேவப்பிரியம் என்று ஒரு மேடம், தூத்துக்குடிப் பக்கம். மூடியைக் கர்ச்சீப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். என்ன இது என்றார்கள். மெழுகுவர்த்தி ஸ்டாண்டு மேடம், ஆனால் அதுக்கு முன்னாடி கமலினியோட முதல் ஹோல்டு மூடி என்றேன். கவிழ்த்துப் பார்த்தார்கள். அச்சைப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன சொல்லுதியன்னு தெரிஞ்சுதான் சொல்லுதியளா?" என்றார்கள். பிலோமிதான், "தெரிஞ்சிதான் மேடம் சொல்றாரு, நீங்க எய்திக்கோங்க" என்றாள்.

எல்லாம் சொன்னேன். லேசான பலகை, சிவப்புப் பெயிண்ட், போடாத போன். பதினொரு நல்ல கட்டையையும் சேர்த்துத்தான் சொன்னேன். மூடி எடுப்பதே தப்பு, அதில் நல்ல தப்பு கெட்ட தப்பு என்ன? மேடம் கணக்குப் போட்டார்கள். புயலில் டெக் மேல் அலை ஓயாமல் ஏறினால் அந்த ஒரு குழாய் வழியாக முதல் ஹோல்டில் எத்தனை டன் இறங்கும் என்று. பேனாவை வைத்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? "அந்தக் கப்பல் முந்தின நாளே செத்தாச்சு. ஒங்க மச்சினன் வயரை விடலன்னா ஏழு பெட்டிதான் ஊருக்கு வந்திருக்கும்." இதை நீ அங்கே உட்கார்ந்து நூறு தடவை படி. நான் மனப்பாடம் பண்ணிவிட்டேன்.

கேங்க் லைசென்ஸ் போய்விட்டது. கேஸ் வருமா என்று பிறகு சொல்வார்களாம். பசங்களைத் தண்டையார்பேட்டை மேஸ்திரி ஒருவர் தன் கேங்கில் சேர்த்துக்கொண்டார். நான் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போகிறேன். கை விறைக்கிறது, மற்றபடி நல்ல வேலைதான், பொய் சொல்லத் தேவையே இல்லாத வேலை.

மூடியை அவர்கள் உறையில் போட்டு சீல் வைத்துக்கொண்டார்கள். ரசீது கொடுத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு என்று உன் பிள்ளைக்கு மாமன் செய்த பொருள், இப்போது என்னிடம் ரசீதாகத்தான் இருக்கிறது. அதுவும் நல்லதுக்குத்தான். எத்தனை கனமாக இருந்தாலும் அதை அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா? ஞானத்தகப்பனாக நிற்கவும் வேறு ஆளைப் பார். நான் கோபத்தில் எழுதவில்லை. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, பொய்யை விட்டுவிடுகிறாயா என்று நம் கோயில் பாதர் சடங்குப்படி கேட்கும்போது நான் என்ன முகத்தோடு விட்டுவிடுகிறேன் என்பேன்?

நீ நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டாயா? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மெர்லினுக்குக் காலையிலிருந்து இடுப்பு வலிக்கிறது. பிலோமி ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஸ்டானி

•

காக்கிநாடா
டிசம்பர் 22

மாப்ள,

இந்தக் கடிதத்தையும் சாலமோன்தான் கொண்டு வருகிறான். நாளை மறுநாள் காலையில் நானே வந்துவிடுவேன், அப்புறம் எதற்குக் கடிதம் என்று பாதர் சிரித்தார். நேரில் என்றால் நீயும் நானும் இதையெல்லாம் பேச மாட்டோம். நீ சுறாப்புட்டு என்பாய், நான் மழை என்பேன்.

கையெழுத்துப் போடவில்லை. போடத்தான் உட்கார்ந்தேன். உன்னைக் காப்பாற்றுகிற வீரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கம்பெனி ஆள் காகிதத்தை விரித்து, படிக்க வேண்டாம் சார், அன்றைக்குப் பார்த்ததுதான், இந்த இடத்தில் போடுங்கள் என்றான். பக்கத்தில் அண்ணாச்சி வைத்துவிட்டுப் போன டீ இருந்தது. டீயை ஓரமாகத் தள்ளினேன். தள்ளியதும் கை நின்றுவிட்டது. அன்றைக்குப் பாயசத்தைத் தள்ளியதும் இதே கைதான். பார்க்காமல் ஒரு தடவை போட்டதற்கு ஒரு கப்பல் போனது. பொய் என்று பார்த்துக்கொண்டே இன்னொன்று போடுவதா? காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு ஒரு காகிதம் கேட்டேன். டெக்கில் கால் வைக்காமல் செக்லிஸ்டில் கையெழுத்துப் போட்டவன் நான் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அவன் அதைத் தொடவே மாட்டேன் என்றான். பாதர் வாங்கி அனுப்பி வைத்தார்.

மறுநாளே உன் மேடம் பேசினார்கள். உன் வாக்குமூலம் வந்துவிட்டது, வயரை விட்டது சரிதான் என்று எழுதப்போகிறார்கள், எங்களை ஊருக்கு விடவும் சொல்லிவிட்டார்கள். செக்லிஸ்டுக்காக எனக்கு ஆறு மாதம் சஸ்பென்ஷன். நியாயம்தான். ஐஸ் உடைக்க இன்னொரு ஆள் தேவையா என்று கேட்டு வை.

நேற்றுப் பாதர் போனைக் கொண்டு வந்து கொடுத்தார். பிலோமிதான் பேசினாள். "அண்ணே, பொண்ணுண்ணே" என்று சொல்லிவிட்டு, போனைக் குழந்தை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துவிட்டாள். என்ன சத்தம் அது! உச்சிமாகாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "ஏல, இது கப்பல் சங்குல்லா ஊதுது" என்றார். ஏழு பேரும் சுற்றி நின்று கேட்டோம். கேப்டன்கூட வந்து நின்றார். நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், பார்த்திருந்தாலும் பரவாயில்லை. மெர்லின் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். நீங்க எழுதிக் கொடுத்ததைப் பாதர் பிலோமி அண்ணிகிட்ட சொல்லிட்டாரு, எனக்கு இந்த மனுஷன் போதும் என்றாள்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். வேறு ஆளைப் பார்க்க மாட்டேன். என் பெயர் வரை போய்த் திரும்பியவன் நீதான், ஆனால் மூடியைக் கர்ச்சீப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறியவனும் நீதான். பொய்யை விட்டுவிடுகிறாயா என்று பாதர் கேட்டால், அந்தக் கோயிலில் அன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல உன்னைவிடத் தகுதியான ஆள் இருக்க மாட்டான். பயமாக இருந்தால் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொல். என் பிள்ளைக்கு நீ இல்லாமல் யாருடா?

கோயில் பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். முழுக்கப் படித்துவிட்டுப் போடுவோம். பின்னால் ஆட்கள் நின்றால் நிற்கட்டும்.

மெழுகுவர்த்திக்குப் பித்தளை வேண்டாம். நல்ல வேலமரமாகப் பார்த்து ஒரு கட்டை எடு. அவசரப்படாமல் சீவு. நடுவில் குழி தோண்டி மெழுகுவர்த்தியை நிறுத்து. அது ஆடுகிறதா என்று நான் என் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை உன் கையில் கொடுப்பேன்.

உன் மச்சான்
சாவியோ